கீமோ நேரத்துல குடலுக்கு எதுல காசு போடுறது: பவுடரா, மாத்திரையா, நோட்டா?

வீட்டுல ஒருத்தருக்கு கீமோ ஆரம்பிக்கப் போறாங்கன்னா மொதல்ல முடி கொட்டுமான்னு கேப்பாங்க, அடுத்து வயித்துக்கு என்ன குடுக்குறதுன்னு கேப்பாங்க. மருந்துக் கடை கவுன்டர்ல நிக்கிற எனக்கு வர்றது ரெண்டாவது கேள்விதான், ஏன்னா அதுக்குன்னே எங்க அலமாரியில சாமான் நிறைஞ்சு கெடக்கு, புரோபயாடிக் கேப்ஸ்யூல், குளுட்டமின் பவுடர், புரோட்டீன் டப்பா, மல்டிவைட்டமின், இன்னும் என்னென்னமோ. வர்றவங்க பயந்துபோய் வர்றாங்க, எதக் குடுத்தாலும் வாங்குவாங்க. அதனாலதான் எதுக்கு உண்மையில ஆதாரம் இருக்கு, எது சும்மா, எது ஆபத்து, எதுல காசு போடலாம்னு ஒண்ணோட ஒண்ண வெச்சுப் பாத்து எழுதுறேன். என் முடிவ இப்பவே சொல்லிடுறேன்: குடல முன்கூட்டியே காப்பாத்தும்னு விக்கிறதுல பாதிக்கு மேல ஆதாரம் ரொம்ப மெலிசு, ஆனா தினமும் ஒரு நோட்டுல எழுதி வெச்சு, பிரச்சனை வந்த அன்னிக்கே கண்டுபிடிச்சு டாக்டருக்கு போன் பண்றதுக்கு இருக்குற பலன் கெட்டியானது. காசு கம்மியா இருந்தா ரெண்டாவதுக்குப் போடுங்க.

மொதல்ல எதுக்கு குடல் அடிவாங்குதுன்னு பாத்துரலாம். சிறுகுடலோட உள்சுவர் செல்லெல்லாம் மூணுல இருந்து அஞ்சு நாளைக்குள்ள உதிர்ந்து புதுசா மொளைக்கும். கீமோ மருந்துக்கு வேகமா பெருகுற செல்லுதான் குறி, அது கேன்சர் செல்லா நல்ல செல்லான்னு அதுக்குத் தெரியாது, அதனால முடி, எலும்பு மஜ்ஜை, வாய், குடல் நாலும் சேந்து அடிவாங்கும். பெரும்பாலான மருந்துக்கு, ஏத்தின ஏழாவது நாள்ல இருந்து பதினாலாவது நாள் வரைக்கும் மோசமான நேரம், வாய்ப்புண்ணு வரும், குடல் சுவரும் மெலிஞ்சிருக்கும், அதே வாரத்துலதான் வெள்ளணு கவுன்ட்டும் தரைதட்டும். மதில் இடிஞ்ச வாரத்துலயே வாட்ச்மேனும் லீவு போட்ட கதை. அதனாலதான் சாதாரண ஆளுக்கு வர்ற லூஸ் மோஷனும் கீமோ ஆளுக்கு வர்ற லூஸ் மோஷனும் ஒண்ணு கெடையாது.

ஆனா எல்லா கீமோவும் வயித்த ஒரே மாதிரி பண்ணாது, இத யாரும் வீட்டுல சொல்லிக் குடுக்குறதில்ல. 5-எஃப்யூ, அதோட மாத்திரை வடிவமான கேப்சைட்டபைன், அப்புறம் இரினோடெகான், இதெல்லாம் பேதி பார்ட்டி. வின்கிரிஸ்டின் நேர் எதிர், குடல் நரம்ப மந்தமாக்கி மலச்சிக்கல் கொண்டுவரும், சில பேருக்கு குடல் அசையாமலே நின்னுரும். வாந்திக்குப் போடுற ஓண்டான்செட்ரான், வலிக்குக் குடுக்குற டிரமடால், மார்ஃபின், இதெல்லாமும் மலச்சிக்கல் பக்கம்தான். நிவோலுமேப், பெம்ப்ரோலிசுமேப், இபிலிமுமேப் மாதிரி இம்யூனோதெரபி மருந்துக்கு வர்ற பேதி வேற ஜாதி, அங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே பெருங்குடலத் தாக்குது, அதுக்கு ஸ்டீராய்டு வேணும், பேதிய நிறுத்துற மாத்திரைய மட்டும் போட்டு அமுக்கி வெச்சா உள்ள புண்ணு பெருசாகிட்டே போகும். ஆகவே கேஸ் ஷீட்ல இருக்குற மருந்துப் பேரு தெரியாம பக்கத்து வீட்டுக்காரர் மாமாவுக்குக் குடுத்தத நமக்கும் குடுக்கறது வேலைக்கு ஆகாது. கீமோ ஏத்துற டேகேர் வார்டுல நர்ஸ் சிஸ்டர்கிட்ட கேட்டு மருந்துப் பேர தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ எழுதி வாங்கிக்கங்க.

சரி, புரோபயாடிக். கேட்டு வர்றதுல இதுதான் முதலிடம். ஆதாரம்னு பாத்தா சுத்தமா இல்லன்னு சொல்ல முடியாது. பின்லாந்துல 150 பெருங்குடல் கேன்சர் நோயாளிகள வெச்சுப் பண்ணி 2007ல வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கு, எல்லாரும் 5-எஃப்யூ எடுத்தவங்க, லாக்டோபேசிலஸ் ஜிஜிங்கற புரோபயாடிக் குடுத்தவங்கள்ல கடுமையான பேதி 22 சதவீதம் பேருக்கு, குடுக்காதவங்கள்ல 37 சதவீதம் பேருக்கு. நல்ல வித்தியாசம்தான். ஆனா ஒரு ஆய்வ வெச்சு உலகமே மாறிடல. கேன்சர் சிகிச்சையோட பக்கவிளைவுகளுக்குன்னே வழிகாட்டுதல் போடுற மாஸ்க் (MASCC) அமைப்பு, லாக்டோபேசிலஸ பரிந்துரைக்கிறது இடுப்புப் பகுதி கேன்சருக்கு ரேடியேஷன், இல்ல ரேடியேஷனும் கீமோவும் சேத்து எடுக்குறவங்களுக்குத்தான். நம்ம ஊருல கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு வாரா வாரம் சிஸ்பிளாட்டினும் கூடவே ரேடியேஷனும் போற அம்மாக்கள் ஏராளம், அவங்க டாக்டர்கிட்ட இதக் கேக்குறதுல அர்த்தம் இருக்கு. வெறும் கீமோ மட்டும் போறவங்களுக்கு "கண்டிப்பா குடு"ன்னு சொல்ற அளவுக்கு இன்னும் சரக்கு சேரல.

இன்னொரு பக்கமும் பாக்கணும். புரோபயாடிக்னா உயிருள்ள கிருமி. கவுன்ட் கீழ இருக்கும்போது, குடல் சுவர் ஓட்டையா இருக்கும்போது, கழுத்துலயோ கையிலயோ போர்ட், பிக் லைன்னு ரத்தக்குழாய்ல டியூப் இருக்கும்போது, அந்த நல்ல கிருமியே ரத்தத்துல கலந்து காய்ச்சல் கொண்டுவந்த கேஸ்கள் உண்டு. குறிப்பா சாக்கரோமைசஸ் பவுலார்டின்னு ஒரு ஈஸ்ட், எக்கோநார்ம்ங்கிற பேர்ல சாஷேவா நம்ம ஊர்ல நல்லா ஓடுது, அந்த மாதிரி டியூப், அதாவது சென்ட்ரல் லைன் இருக்கறவங்களுக்கும் எதிர்ப்பு சக்தி ரொம்பக் கொறஞ்சவங்களுக்கும் அத குடுக்கக்கூடாது. நோயாளி அத சாப்பிடக்கூட வேணாம், பக்கத்துல சாஷேவ ஒடச்சாலே தூள் கையில ஒட்டி லைனுக்குப் போயிரும்னு ஐரோப்பாவுல எச்சரிக்கையே குடுத்திருக்காங்க. பேதின்னதும் "எக்கோநார்ம் ரெண்டு குடுங்க"ன்னு வர்றவங்க கிட்ட வீட்டுல யாருக்குன்னு கேட்டுட்டுத்தான் குடுக்குறேன்.

இதுல இன்னொரு சுவாரசியமான விஷயம், குடல் கிருமி எல்லாமே நமக்கு சாதகம்னு நெனைக்கக் கூடாதுங்கறதுக்கு இரினோடெகானே சாட்சி. அந்த மருந்த கல்லீரல் கட்டிப்போட்டு, விஷம் இல்லாம ஆக்கி பித்தத்தோட குடலுக்கு அனுப்பிடும், வேலை முடிஞ்சிருக்கணும், ஆனா குடல்ல இருக்குற சில பாக்டீரியாவோட என்சைம் அந்தக் கட்ட அவுத்து திரும்ப விஷமாக்கிடும். அஞ்சாறு நாள் கழிச்சு வர்ற அந்த பேதிக்கு பாதிக் காரணம் இதுதான். ஆக "நல்ல பாக்டீரியாவ ஏத்துங்க"ங்கற விளம்பர வாசகம் கீமோவுக்கு அப்படியே பொருந்தாது.

தயிரு, மோரு, பழைய சோறு பத்தி கேக்காம யாரும் போக மாட்டாங்க. தயிருக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கு. கீமோவுல குடல் சுவர் அடிவாங்குறப்ப பால் சர்க்கரைய ஒடைக்கிற லாக்டேஸ் என்சைம் கொறஞ்சுடும், அதுவரைக்கும் ரெண்டு டம்ளர் பால் குடிச்சவருக்கும் திடீர்னு பால், பாயசம், பால்கோவா எல்லாம் வயித்தக் கலக்கும், தயிர்ல அந்த சர்க்கரைல ஒரு பகுதிய கிருமியே தின்னுட்டதால கொஞ்சம் தாங்கும். அதனால பேதி இருக்குற வாரம் பால் வேணாம், மோரு பரவால்ல. கவுன்ட் ரொம்பக் கொறஞ்ச நாட்கள்ல வீட்டு உறை மோரத் தவிர்த்துட்டு பதப்படுத்தின பால்ல செஞ்ச பாக்கெட் தயிர அன்னிக்கே ஒடச்சு சாப்பிடுறது நல்லதுன்னு நெறைய இடத்துல சொல்றாங்க, உங்க டாக்டர் என்ன சொல்றாருன்னு கேட்டுக்கங்க. பழைய சோறுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில பழைய சோத்த வெச்சு ஆய்வு நடந்தது உண்மைதான், பேப்பர்ல பெருசா வந்துச்சு, ஆனா அது குடல் அழற்சி நோய்க்காரங்கள மனசுல வெச்சுப் பண்ணது, கவுன்ட் 500க்குக் கீழ போன கீமோ நோயாளிய வெச்சு இல்ல. ராத்திரி முழுக்க வெளிய கெடக்குற சோத்துல பேசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமி வளரும், அது சாதாரண ஆளையே வாந்தி எடுக்க வெக்கும். கீமோ முடிஞ்சு கவுன்ட் தேறினப்பறம் ஆசை தீர சாப்பிடலாம், எங்க போயிரப் போகுது.

குளுட்டமின் பவுடர் பத்தி சுருக்கமா முடிச்சிடறேன், ஏன்னா சொல்ல ரொம்ப இல்ல. குடல் செல்லுக்கு அது எரிபொருள், கோட்பாடு நல்லாத்தான் இருக்கு. தலை, கழுத்து கேன்சருக்கு ரேடியேஷனும் கீமோவும் சேத்துப் போறவங்களுக்கு வாய்ப்புண் கொறையறதுக்கு வாய்வழி குளுட்டமின் உதவலாம்னு வழிகாட்டுதல் உண்டு. கீமோ பேதிய நிறுத்தும்னு நம்பிக் குடுக்க ஆதாரம் பத்தாது. நரம்பு வழியா ஏத்துறது வேற விஷயம், ஐசியுல தீவிரமா இருந்த நோயாளிகளுக்கு குளுட்டமின் குடுத்த பெரிய ஆய்வுல சாவு அதிகமாச்சுன்னு 2013ல வந்துச்சு, அதனால "அமினோ ஆசிட் தானே, என்ன பண்ணிடும்"னு பேசறவங்கள நம்பாதீங்க. அந்த டப்பா காசுக்கு முட்டை வாங்குங்க, நல்லா வேகவெச்சுக் குடுங்க.

வைட்டமின்ல ஒண்ணே ஒண்ணு, ஆனா முக்கியமானது. ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் மாத்திரை நம்ம ஊர்ல ரத்தசோகைக்குன்னு மலிவா தாராளமா எழுதறாங்க. 5-எஃப்யூ, கேப்சைட்டபைன் எடுக்குறவங்களுக்கு ஃபோலிக் ஆசிட் அந்த மருந்தோட வேகத்தக் கூட்டி பேதியையும் வாய்ப்புண்ணையும் மோசமாக்கலாம். "சத்து மாத்திரைதானே"ன்னு வீட்டுல சேத்துக் குடுத்துட்டு, பேதி வந்ததும் கீமோவ திட்டுவாங்க. எந்த சத்து மாத்திரையா இருந்தாலும் கேப்சைட்டபைன் எழுதின டாக்டர்கிட்ட ஸ்ட்ரிப்பக் காட்டிட்டு ஆரம்பிங்க.

சாப்பாட்டு விஷயத்துல ரெண்டு கட்சி. ஒண்ணு, பச்சையா எதுவும் கூடாது, பழமே கூடாது, எல்லாம் வெந்திருக்கணும்ங்கற கெடுபிடி. இன்னொண்ணு, சுத்தமா இருந்தா எதையும் சாப்பிடலாம்ங்கறது. மொதல் கட்சிய சோதிச்சுப் பாத்திருக்காங்க. அமெரிக்காவுல ரத்தப் புற்றுநோய் நோயாளிகள் 153 பேர ரெண்டா பிரிச்சு ஒரு பக்கம் வெந்தது மட்டும், இன்னொரு பக்கம் பழம் காய்கறி பச்சையாவும் குடுத்தாங்க, 2008ல முடிவு வந்துச்சு, பெரிய தொற்று வெந்தது சாப்பிட்டவங்களுக்கு 29 சதவீதம், பச்சை சாப்பிட்டவங்களுக்கு 35, புள்ளியியல்படி வித்தியாசமே இல்ல. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை எடுத்தவங்கள வெச்சு இத்தாலில பண்ணி 2023ல வெளியான ஆய்வுலயும் கெடுபிடி சாப்பாட்டால கூடுதல் பலன் தெரியல. கெடுபிடில வெயிட் கொறையும், நாக்கு செத்துப்போகும், நோயாளி சாப்பாட்டத் தள்ளிவெப்பாரு. நான் ரெண்டாவது கட்சிதான், ஆனா ஒரு நிபந்தனையோட: அந்த ஆய்வெல்லாம் நடந்தது குழாயத் தொறந்தா குடிக்கிற தண்ணி வர்ற ஊர்கள்ல. இங்க தண்ணிய கொதிக்க வெச்சு ஆற வெச்சுக் குடிக்கணும், வாழைப்பழம், மாதுளை, ஆரஞ்சு மாதிரி தோலுரிக்கிற பழம் வீட்டுல உரிச்சுக் குடுக்கலாம், தள்ளுவண்டில வெட்டி வெச்ச தர்பூசணி, ஐஸ் போட்ட ஜூஸ், ஓட்டல் தேங்காய்ச் சட்னி, பானிபூரி இதெல்லாம் கட். சமைச்சத சூடா அன்னிக்கே சாப்பிடணும், ஃப்ரிட்ஜ்ல மூணு நாள் இருந்த சாம்பார் வேண்டாம்.

ஐஸ் பத்தி ஒரு வார்த்தை. 5-எஃப்யூவ ஊசியா ஒரே தடவையா குடுக்கும்போது அரை மணி நேரம் வாயில ஐஸ் கட்டி வெச்சுக்கிட்டா வாய்ப்புண் கொறையும், இதுக்கு உருப்படியான ஆதாரம் இருக்கு, செலவும் இல்ல. ஆனா ஃபோல்ஃபாக்ஸ்னு ஒரு கூட்டு மருந்து இருக்கே, அதுல 5-எஃப்யூவோட ஆக்ஸாலிபிளாட்டினும் சேந்து வரும், ஆக்ஸாலிபிளாட்டினுக்கு குளிர்ச்சி ஆகவே ஆகாது, ஜில்லுனு ஏதாவது தொண்டைல பட்டா மூச்சே நிக்குற மாதிரி இறுக்கும். யூட்யூப்ல ஐஸ் டிப்ஸ் பாத்துட்டு வர்றவங்க மொதல்ல தன்னோட மருந்துல ஆக்ஸாலிபிளாட்டின் இருக்கான்னு பாருங்க.

இப்ப பேதி வந்தாச்சுன்னு வெச்சுக்குவோம், மாத்திரை. லோப்பராமைடு, ரேசகாடோட்ரில், ஆக்ட்ரியோடைடு, மூணும் மூணு விதம். லோப்பராமைடு குடல் ஓட்டத்த மெதுவாக்கும், மலிவு, கீமோ பேதிக்கு உலகம் முழுக்க மொதல்ல எடுக்குறது இதுதான். வழக்கமா மொதல் டோஸ் 2 மில்லிகிராம் மாத்திரை ரெண்டு, அப்புறம் ஒவ்வொரு தடவை போனதுக்கும் ஒண்ணு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல போகாது. இரினோடெகானுக்கு மட்டும் தனி சட்டம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, பேதி நின்னு 12 மணி நேரம் ஆகுற வரைக்கும், 48 மணி நேரத்துக்கு மேல கூடாது, இத ஆங்காலஜி (கேன்சர்) டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் பண்ணணும். அதே இரினோடெகான் ஏத்தின அன்னிக்கே வேர்த்து, எச்சி ஊறி, வயிறு முறுக்கி வர்ற பேதி வேற, அதுக்கு டேகேர்லயே அட்ரோபின் ஊசி போடுவாங்க, சிஸ்டர்கிட்ட உடனே சொல்லணும், வீட்டுக்குப் போய் பாத்துக்கலாம்னு வாய மூடிட்டு இருக்கக்கூடாது.

ரேசகாடோட்ரில் குடல் ஓட்டத்தத் தொடாது, குடலுக்குள்ள தண்ணி சுரக்குறதக் கொறைக்கும், அதனால வயித்துப் பொருமல் கம்மி. குழந்தைங்க பேதிக்கு நல்ல பேரு. கீமோ பேதிக்கு லோப்பராமைடு இடத்துல இத வெக்கிற அளவுக்கு ஆதாரம் இல்ல, கூட சேத்து எழுதுற டாக்டர்கள் உண்டு. ஆக்ட்ரியோடைடு தோலுக்கடியில போடுற ஊசி, மாத்திரைக்கு அடங்காத கேஸுக்கு ஆஸ்பத்திரில, 100ல இருந்து 150 மைக்ரோகிராம் ஒரு நாளைக்கு மூணு வேளைன்னு ஆரம்பிப்பாங்க. இது வீட்டுல முடிவெடுக்குற விஷயமே இல்ல.

லோப்பராமைடு எப்ப போடக்கூடாதுங்கறதுதான் இதுல பெரிய விஷயம். காய்ச்சல் இருந்தா, மலத்துல ரத்தம் இருந்தா, சமீபத்துல ஆன்டிபயாடிக் எடுத்திருந்து, அதுக்கப்புறம் பெருங்குடல்ல பெருகுற சி.டிஃப்ங்கற கிருமியோட தொற்றோன்னு சந்தேகம் இருந்தா, இம்யூனோதெரபில இருந்தா, நீங்களா போடாதீங்க, குடல அடைச்சு வெச்சா உள்ள இருக்குற விஷம் வெளிய போகாது. அத விட மோசம் நம்ம ஊர் பழக்கம், பேதின்னதும் கடையில நார்ஃப்ளாக்ஸ் டிஇசட், மெட்ரோஜில்னு வாங்கி முழுங்குறது. மெட்ரோனிடசோல் 5-எஃப்யூவ உடம்பு வெளியேத்துற வேகத்தக் கொறைச்சிடும், அதாவது பேதிக்குக் காரணமான மருந்தே உடம்புல கூடுதல் நேரம் நிக்கும். எங்க கடைலயும் கேக்குறாங்க, கேன்சர் மருந்து போகுதுன்னு சொன்னா சீட்டு இல்லாம தர மாட்டேன், பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க, என்ன பண்ண.

கேப்சைட்டபைன் மாத்திரை வீட்டுல எடுக்குறவங்களுக்கு இதெல்லாத்த விட முக்கியமான முடிவு ஒண்ணு இருக்கு. பதினாலு நாள் கோர்ஸ் ஓடிட்டு இருக்கு, நடுவுல பேதி. வழக்கத்த விட நாலு தடவையோ அதுக்கு மேலயோ கூடுதலா போனாலோ ராத்திரி எழுந்து போக வேண்டி வந்தாலோ மாத்திரைய நிறுத்திட்டு போன் பண்ணணும். "கோர்ஸ முடிக்கணுமே, விட்டா கேன்சர் வளருமே"ன்னு பல்லக் கடிச்சுட்டு முழுங்குறவங்கதான் ஐசியு வரைக்கும் போறாங்க. பக்கவிளைவால விட்ட டோஸ அப்புறம் சேத்து எடுக்கவும் கூடாது, விட்டது விட்டதுதான், அந்த மருந்தோட விதியே அப்படி.

தண்ணிச் சத்துக்கு வருவோம். ஓ.ஆர்.எஸ்ஸா, இளநீரா, குளுக்கோஸா? உலக சுகாதார நிறுவனம் 2002ல மாத்தின ஃபார்முலாதான் இன்னிக்கும் அளவுகோல், ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். எலக்ட்ரால் மாதிரி பெரிய பாக்கெட்ட முழுசா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணில கரைக்கணும், ஒரு டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமா கொட்டிக் கலக்குனா அளவு கெட்டுப்போகும். இளநீர்ல பொட்டாசியம் அதிகம், சோடியம் கம்மி, பேதில போறது ரெண்டும், அதனால கூடவே குடிக்கலாம், அது மட்டும் போதாது, கிட்னி பிரச்சனை இருக்குறவங்க கேட்டுட்டுத்தான் குடிக்கணும். குளுக்கோஸ் பவுடரும் டப்பா ஜூஸும் சர்க்கரை, பேதிய இழுத்து விடும். டெட்ரா பேக்ல இனிப்பா வந்துட்டிருந்த சில பானங்கள் தன் பேர்லயே ஓ.ஆர்.எஸ்னு போட்டுக்கிட்டிருந்துச்சு, அந்த ஃபார்முலா இல்லாம அந்தப் பேர் போடக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ 2025 அக்டோபர்ல உத்தரவு போட்டுருச்சு. பாக்கெட்ட திருப்பிப் படிச்சுட்டு வாங்குங்க. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, நீர் மோர், ரசம், இதெல்லாம் ஓ.ஆர்.எஸ்ஸுக்கு நல்ல துணை.

இதுல பெரியவங்க வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. அப்பாவுக்கு பிபி மாத்திரை டெல்மிசார்டன், சுகருக்கு மெட்ஃபார்மின், சில பேருக்கு டபாக்ளிஃப்ளோசின், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, இப்படி ஒரு வரிசையே ஓடும். உடம்புல தண்ணி வத்தி இருக்கும்போது இதே மாத்திரைங்க கிட்னிய அடிக்கும், மெட்ஃபார்மின் தானாவே பேதிய கூட்டும். பேதி நாள்ல எத நிறுத்தணும், எத நிறுத்தக்கூடாதுன்னு கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட எழுதி வாங்கி வெச்சுட்டா ராத்திரி பதினோரு மணிக்கு தடுமாற வேண்டாம்.

இப்ப நோட்டு, நான் மொதல்லயே சொன்ன பக்கம். கண்காணிக்கிறதுலயும் ஆப்ஷன் நெறைய இருக்கு, விலையும் ஏணி மாதிரி ஏறும், அதுல அடிப் படிதான் அதிக வேலை செய்யுதுங்கறது என் அபிப்பிராயம். ஒரு நாப்பது பக்க நோட்டு, டிஜிட்டல் தெர்மாமீட்டர், எடை பாக்குற மெஷின், அவ்வளவுதான். கீமோவுக்கு முன்னாடி ஒரு வாரம் வழக்கமா எத்தனை தடவை போறாங்கன்னு எழுதுங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னா டாக்டருங்க கிரேடு போடுறதே வழக்கத்த விட எத்தனை கூடுச்சுங்கறத வெச்சுத்தான். நாலுக்குள்ள கூடுனா கிரேடு 1, நாலுல இருந்து ஆறு கிரேடு 2, ஏழும் அதுக்கு மேலயும் கிரேடு 3, அட்மிஷன். தினம் ஒரு தடவை போறவர் அஞ்சு தடவை போறதும், ஏற்கனவே மூணு தடவை போறவர் அஞ்சு தடவை போறதும் ஒண்ணு இல்ல. "நெறைய போகுது டாக்டர்"னு போன்ல சொன்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது, "காலைல இருந்து ஆறு, எல்லாம் தண்ணி, ஜுரம் இல்ல, ஒண்ணுக்கு மதியத்துல இருந்து போகல"ன்னு சொன்னா முப்பது செகண்ட்ல முடிவெடுப்பாரு.

எடை எதுக்குன்னா ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, 60 கிலோ ஆள் ரெண்டு நாள்ல ஒன்றரை கிலோ எறங்கினா அது கொழுப்பு கரைஞ்சது இல்ல, தண்ணி போனது. காய்ச்சல் எதுக்குன்னு சொல்லவே வேணாம், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டா அது ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் எமர்ஜென்சி. முக்கியமா டோலோ போடுறதுக்கு முன்னாடி டெம்பரேச்சர் பாத்து எழுதணும், மாத்திரை ஜுரத்த மறைச்சிடும், கிருமிய மறைக்காது. தெர்மாமீட்டர வாயிலயோ அக்குள்லயோ வைங்க, ஆசனவாயில வேண்டவே வேண்டாம், கவுன்ட் கம்மியா இருக்கும்போது எனிமா, சப்போசிட்டரி, அந்தப் பக்கம் எதுவுமே கூடாது, சின்னக் கீறல் போதும் கிருமி ரத்தத்துல ஏற. வலது பக்கம் அடிவயித்துல வலி, கூட காய்ச்சல், கவுன்ட் தரையில, இந்த மூணும் சேந்தா பெருங்குடலோட ஆரம்பப் பகுதியே வீங்கி அழுகுற ஒரு நிலையா இருக்கலாம், அத வீட்டுல பாத்துக்கிட்டு இருக்க நேரமே கெடையாது, ஸ்கேன் எடுத்து ஆன்டிபயாடிக் ஏத்தணும்.

அடுத்த படி ரத்த டெஸ்ட். கவுன்ட் எப்படியும் ஒவ்வொரு கீமோ சுற்றுக்கும், அதாவது சைக்கிளுக்கும் பாப்பாங்க, பேதி இருந்தா பொட்டாசியம், மெக்னீசியம், கிரியேட்டினின் கூட பாக்கச் சொல்லிக் கேக்கலாம், செலவுக்குப் பலன் உண்டு, பொட்டாசியம் எறங்குனா கால் துவளும், இதயத் துடிப்பே மாறும். மல டெஸ்ட்ல சி.டிஃப் டாக்சின் தேவைப்பட்டா கண்டிப்பா எடுக்கணும். மலத்துல அழற்சியக் காட்டுற கால்ப்ரோடெக்டின் டெஸ்ட் இம்யூனோதெரபி குடல் அழற்சிக்கு உபயோகம், சாதாரண கீமோவுக்கு எண்ணு ஏறும், ஆனா அத வெச்சு சிகிச்சைய மாத்த ஒரு தெளிவான விதி இல்ல. ரத்தத்துல சிட்ரூலின் பாத்து சிறுகுடல் சுவர் எவ்வளவு மிச்சம்னு கணக்குப் போடுறதும் ஆராய்ச்சிக் கூடத்து வேலைதான் இப்போதைக்கு. ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி மலத்த டப்பால அனுப்பி வெச்சு, குடல்ல என்னென்ன கிருமி இருக்குன்னு பாக்குற மைக்ரோபயோம் கிட்டு? கலர் கலரா ரிப்போர்ட் வரும், அதக் காட்டினா எந்த ஆங்காலஜிஸ்ட்டும் ஒரு மாத்திரையக் கூட மாத்த மாட்டாரு. ஏணில இருக்கறதுலயே விலை அதிகம், பலன் கம்மி.

ஜீன் டெஸ்ட் மட்டும் விதிவிலக்கு, அதுக்கு காசு இருந்தா கேளுங்கன்னு சொல்வேன். 5-எஃப்யூவ உடம்புல ஒடைக்கிற டிபிடி என்சைம் சில பேருக்குப் பிறவியிலேயே கம்மி, அவங்களுக்கு வழக்கமான டோஸே விஷமாகி மொதல் சைக்கிள்லயே குடலும் கவுன்ட்டும் சேந்து சரியும். ஐரோப்பிய மருந்து முகமை 2020ல இந்த டெஸ்ட்ட கீமோவுக்கு முன்னாடி பண்ணச் சொல்லி பரிந்துரைச்சுச்சு. நம்ம பக்கம் இன்னும் எல்லா இடத்துலயும் வழக்கமா பண்றதில்ல. ஒரு எச்சரிக்கை, வழக்கமா தேடுற நாலு ஜீன் மாற்றங்களும் பெரும்பாலும் ஐரோப்பியர்கள்ல கண்டுபிடிச்சது, அதனால ரிப்போர்ட் நார்மல்னு வந்தாலும் நோட்ட மூடி வெக்க முடியாது. இரினோடெகானுக்கு யுஜிடி1ஏ1 டெஸ்ட், அந்த மருந்த கல்லீரல்ல கட்டிப்போடுற ஜீன் அது, அதுல வர்ற மாற்றம் இந்தியர்கள்ல அபூர்வமில்ல, அந்த ஜீனோட ரெண்டு பிரதியும் மாறி இருந்தா ஆரம்ப டோஸக் கொறைக்கலாமான்னு யோசிப்பாங்க.

மலச்சிக்கல் பக்கத்த மறந்துடக் கூடாது. இசப்கோல், லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால், பைசகோடைல்னு நாலு வகை. மார்ஃபின், டிரமடால் எடுக்குறவங்களுக்கு இசப்கோல் சரிப்படாது, தண்ணி போதாம அது உள்ளயே கல்லாகிடும், அவங்களுக்கு லாக்டுலோஸ், பைசகோடைல் வகையறாதான். ஒரு பொறி இங்க இருக்கு: மலம் கெட்டியா அடைச்சிருக்கும்போது அதச் சுத்தி தண்ணி மட்டும் கசியும், வீட்டுல "பேதி"ன்னு நெனச்சு லோப்பராமைடு குடுத்துருவாங்க. நாலஞ்சு நாள் போகாம இருந்து திடீர்னு தண்ணியா போனா மாத்திரைக்கு முன்னாடி போன். நோட்டுல போகாத நாளையும் எழுதச் சொல்றது இதுக்குத்தான்.

கடைசியா, நோட்டுல இருக்கறத டாக்டர்கிட்ட காட்டலாமா மறைக்கலாமாங்கறதே சில வீடுகள்ல ஒரு விவாதம். சொன்னா டோஸக் கொறைச்சிடுவாங்க, சைக்கிளத் தள்ளி வெச்சிடுவாங்க, அப்ப கேன்சர் திரும்பி வந்துடும்ங்கற பயம். பயம் புரியுது. ஆனா டாக்டர் முன்னாடி இருக்குற வழி டோஸக் கொறைக்கிறது மட்டும் இல்ல, ஒரு வாரம் தள்ளலாம், லோப்பராமைடு திட்டத்த மாத்தலாம், இரினோடெகானுக்குப் பதில் வேற கூட்டணி யோசிக்கலாம், தொற்றுதான் காரணம்னா டோஸத் தொடவே வேண்டியதில்ல. அளவு கொஞ்சம் கொறைஞ்சா எல்லாம் போச்சுங்கறதும் எப்பவும் உண்மை இல்ல, 2018ல வந்த ஐடியா ஆய்வுல பெருங்குடல் கேன்சர் மூணாவது ஸ்டேஜ் நோயாளிகள் 12,000 பேருக்கு மேல பாத்தாங்க, அதுல ரிஸ்க் கம்மியான பிரிவுக்கு கேப்சைட்டபைனும் ஆக்ஸாலிபிளாட்டினும் ஆறு மாசத்துக்குப் பதிலா மூணு மாசம் குடுத்தாலே கிட்டத்தட்ட அதே பலன் கெடைச்சுச்சு. அது எல்லா கேன்சருக்கும் பொருந்தாது, உங்க ஸ்டேஜுக்கு என்னன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், அத அவரு சொல்றதுக்கு போன சைக்கிள்ல எந்த நாள் எத்தனை தடவை போச்சுங்கற கணக்கு அவர் மேஜைக்குப் போகணும். அதனால ரெண்டாவது சைக்கிளுக்குப் போறப்ப ஃபைல், ஸ்கேன் கவரோட அந்த நோட்டையும் பையில போட்டுக்கங்க, டேகேர்ல ராத்திரிக்கு எந்த நம்பர்ல கூப்புடணும்னு அதோட அட்டையிலயே எழுதி வாங்கிடுங்க.